கயிற்றுத் தொம்மை இழுத்த இழுப்பு

எங்கள் மாதா கோயிலின் பாட்டு மாடியில் முதன்முதலாகச் சத்தம் கொடுத்த பெண்பிள்ளை நான்தான். இன்றைக்கு அந்த மாடியில் வரிசையாக நின்று பாடுகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். சொன்னால், "அப்ப என்ன பாடுனீங்க ஆச்சி?" என்று கேட்பார்கள். பாட்டு என்று சொல்ல முடியாது. அலறல். ஆனால் அலறினது இப்போது ஆயர் என்கிறார்களே, அந்த மேற்றிராணியார் வைத்த பெரிய பூசையில். தூத்துக்குடியே திரண்டு நின்ற திருநாளில். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக் கொடுப்பதாக இல்லை.

கோயில் பாட்டு வாத்தியார் என்னுடைய மாமா. அம்மாவுக்கு மூத்தவர். எங்கள் வீடும் மாமா வீடும் ஒரே முற்றத்தைப் பார்த்து இருந்தன. பகலில் மாமாவுக்குத் தோணித் துறையில் வேலை. கொழும்புக்குப் போகிற மூட்டைகளுக்குப் பொறுப்பு. அந்தியில் வந்து குளித்து, வேட்டி மாற்றிவிட்டால் அவர் வேறு ஆள். சின்னப் பையனாக இருந்தபோது வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் இவர் குரலைக் கேட்டுப் பிடித்துக்கொண்டு போய்ப் பாட வைத்தாராம். தொண்டை உடைந்து குரல் போனதும், சும்மா இருக்காதே என்று கோயிலின் கால்மிதி ஆர்மோனியத்தில் உட்கார வைத்தாராம். அந்தச் சாமியார் ஊருக்குக் கப்பலேறின நாளில் ஆர்மோனியத்தின் சாவியை மாமா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தச் சாவி மாமாவின் அரைஞாண் கயிற்றிலேயே கிடந்தது. மாமி அதைத் தன் சக்களத்தி என்பாள்.

மாமா பாட்டுக்கு ஆள் பிடிக்கிற விதமே தனி. நல்ல குரலைத் தேடிப் போக மாட்டார். நல்ல மூச்சைத் தேடிப் போவார். முத்துக்குளித்தல் நின்று வருஷக்கணக்காகிவிட்டது, ஆனால் சங்கு குளிப்பது நடந்துகொண்டுதான் இருந்தது. சங்குத் தோணி கரையைத் தொட்டதும் மாமா போய் நின்று, "இன்னைக்குக் கடைசியா மேல வந்தவன் எவம்லே?" என்று கேட்பார். எவன் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குத் தப்பிக்க வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாடியில் நிற்க வேண்டியதுதான். "எனக்குப் பாட வராதுய்யா" என்று அழுதவர்களைக்கூட மாமா விட்டதில்லை. "பாட நான் சொல்லித் தாரேன். மூச்சை நான் எங்க போயி வாங்க?" என்பார்.

அவர்களில் பலருக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. பூசைப் பாட்டோ லத்தீன். மாமா அதைத் தோணி இழுக்கிற தாளத்தில் போட்டுக் கொடுத்தார். கூடிப் பிடித்து, ஏலேலோ போட்டு, ஒரு இழுப்பு, ஒரு விடுப்பு. இழுப்புக்கு ஒரு சொல், விடுப்புக்கு ஒரு சொல். இப்படியே அந்த ஆட்கள் முழுப் பூசையையும் மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நாலு வரி ஒரே மூச்சில் வரும். இடையில் ஒருவரும் வாய் மூடி மூச்செடுக்க மாட்டார்கள். கேட்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும்.

ஒத்திகை எங்கள் முற்றத்தில். மாமா கைப்பெட்டி ஆர்மோனியத்தோடு வேப்பமரத்தடியில் இருப்பார், ஆட்கள் சுற்றி நிற்பார்கள். மாமி அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டோ, அம்மியில் அரைத்துக்கொண்டோ இருப்பாள். மணப்பாட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். மெலிந்த உடம்பு. வாய் மட்டும் மெலிந்ததல்ல. பாட்டு நடுவில் அம்மிச் சத்தம் நிற்கும். உள்ளேயிருந்து குரல் வரும்:

"தொம்மண்ணே, அங்கன இறங்கணும். நீரு ஏறிட்டுப் போறீரு."

மாமா அதைக் காதில் வாங்கினதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். கொஞ்ச நேரம் தாடையைத் தடவிவிட்டு, தாமே கண்டுபிடித்ததுபோல, "தொம்மண்ணே, அந்த எடத்துல இறங்கிப் பாரும்" என்பார். மாமாவுக்கு ஒரு காது மந்தம் என்றே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இந்தத் தொம்மை யார் என்று சொல்ல வேண்டும். ஊரில் அவருக்குக் கயிற்றுத் தொம்மை என்று பெயர். ஆள் பனைமரம் மாதிரி. குளிக்கிறவர் கடலுக்குள் இறங்கினதும் தோணியில் நின்றுகொண்டு அவர் கயிற்றைப் பிடிக்கிற வேலை தொம்மைக்கு. கீழே இருக்கிறவர் கயிற்றை அசைத்தால் இவர் இழுத்து மேலே தூக்குவார். அசைத்ததற்கும் ஆள் தலை வெளியே தெரிவதற்கும் நடுவில் அவர் இமை கொட்டுவதில்லை என்பார்கள். எங்கள் பாட்டில் இருக்கிறதிலேயே கனத்த குரல் அவருடையது. அவர் பாடினால் மாடிப் பலகை கால் வழியாக அதிரும்.

அந்த வருஷம் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். இளவயது, நிறையப் படித்தவர், பாட்டு முறைப்படி கற்றவர். முதல் ஞாயிறே மாமாவைக் கூப்பிட்டுவிட்டார்.

"வாத்தியாரே, உம்ம ஆட்கள் கர்த்தரைத் துதிக்கிறார்களா, கரைவலை இழுக்கிறார்களா?"

"ரெண்டும் ஒரே ஆட்கள்தான் சாமி" என்று மாமா சொன்னாராம். அது பதில் இல்லையாம். திருநாளுக்கு வெளியூரிலிருந்து மேற்றிராணியார் வந்து பாட்டுப் பூசை வைக்கப் போகிறார், அதில் ஒரு பிசகு வந்தாலும் மறுநாள் ஆர்மோனியச் சாவி என் மேசையில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்துப் பையன்களை வைத்துப் புதிதாகப் பாட்டுக் கூட்டம் சேர்த்துக்கொள்வேன், அதற்குத் திருச்சியிலிருந்து ஆளும் பார்த்தாயிற்று என்று சாமியார் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த மாமா சாப்பிடவில்லை. சாவியை அரைஞாணிலிருந்து அவிழ்த்துத் துடைத்து மறுபடி கட்டிக்கொண்டார். மாமி கூட அன்று சக்களத்தி என்று சொல்லவில்லை.

உலகச் சண்டை ஓய்ந்த பிறகு வந்த முதல் பெரிய திருநாள் அது. அதற்கு முன்னே பல வருஷம் விளக்கு கிடையாது, துணி கிடையாது, வேட்டு கிடையாது. அந்த ஏக்கத்தையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துவிடுவதென்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தோணிக்காரர்கள் தங்கள் பாய்களை நல்ல தண்ணீரில் அலசி வெளுத்துக் கொண்டுவந்து கோயில் உள்கூரை முழுக்க மேற்கட்டியாகக் கட்டினார்கள். அதற்குக் கீழே கலர் காகிதத் தோரணம். பார்க்க அத்தனை அழகு. மாமா மட்டும் மாடியில் ஆர்மோனியத்துக்கு முன்னே உட்கார்ந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். பாய் தொங்கின தொங்கலில் பீடம் தெரியவில்லை.

பீடம் தெரியாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பூசையில் குளோரியா என்கிற துதிப்பாட்டு வருகிற இடத்தில் முதல் அடியை மேற்றிராணியார் தாமே பீடத்தில் எடுத்துக் கொடுப்பார். அவர் முடித்த கையோடு மாடியிலிருந்து ஆண்கள் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முந்தினால் அவமரியாதை, பிந்தினால் அவமானம். மேற்றிராணியாரோ வயதானவர், குரல் மூன்றாவது தூணைத் தாண்டாது. ஒலிபெருக்கியெல்லாம் அப்போது எங்கள் கோயிலில் ஏது?

பாயை அவிழ்க்கச் சொல்ல மாமாவுக்குத் துணிச்சல் இல்லை. தோணிக்காரர்கள் வருத்தப்படுவார்கள். மாடியின் தெற்கு மூலையில் மட்டும், மரக் கிராதிக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு சின்ன ஆள் குந்தினால் பீடம் தெரிகிற மாதிரி ஓர் இடுக்கு இருந்தது. ஊர்ப் பையன்கள் அத்தனை பேருக்கும் சாமியார் சிவப்பு அங்கி மாட்டிப் பீடத்தைச் சுற்றி நிறுத்திவிட்டார். மிச்சமிருந்தது நான்.

"பொட்டப்புள்ள மாடி ஏறலாமாண்ணே?" என்று அம்மா கேட்டாள்.

"பாடத்தான் கூடாது. குந்துறதுக்கு என்ன?" என்றார் மாமா.

நான் கையைக் காட்டினால் மாமாவால் பார்க்க முடியாது. கை இரண்டும் ஆர்மோனியத்தில், கால் இரண்டும் மிதிக்கட்டையில், கண் இரண்டும் புத்தகத்தில். ஆட்களுக்குத் தாளம் காட்ட அவருக்கு மிச்சமிருந்தது தலை ஒன்றுதான். ஆகவே ஒரு கயிறு. ஒரு முனை என்னிடம், மறுமுனை மாமாவுக்குப் பின்னால் நிற்கிற ஆளிடம். மேற்றிராணியார் எடுத்துக் கொடுத்ததும் நான் கயிற்றை அசைக்க வேண்டும். அந்த ஆள் மாமாவின் தோளில் தட்ட வேண்டும். முற்றத்தில் ஒத்திகை பார்த்தபோது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. ஆனால் ஒத்திகையில் கயிறு பிடித்தது வேறொருவர். தொம்மை அன்று கடலில். திருநாள் அன்று கயிறு என்ற சொல் காதில் விழுந்ததுமே, அது தம் வேலை என்று தொம்மை வந்து வாங்கிக்கொண்டார்.

"தொம்மண்ணே, கயிறு அசைஞ்சா என் தோள்ல ஒரு தட்டு. அம்புட்டுதான்" என்றார் மாமா.

"நீரு எனக்குக் கயிறு பிடிக்கச் சொல்லித் தாரீரோ?" என்று தொம்மை கேட்டார். அதோடு நிற்கவில்லை. நான் கயிற்றைக் கைநழுவ விட்டுவிடக்கூடாதென்று என் இடுப்பைச் சுற்றிக் கட்டி ஒரு முடிச்சும் போட்டார். கடலில் போடுகிற முடிச்சு. "இது அந்தோனியார் வந்தாலும் அவிழாதுளா" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் புதுப்பாவாடையில் இடுக்கில் குந்தினேன். கீழே கடல் மாதிரி ஜனம். இடது பக்கம் பெண்கள், எல்லாரும் வெள்ளை முக்காடு. அதில் எது அம்மா, எது மாமி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சாம்பிராணிப் புகை. தூரத்தில் மேற்றிராணியாரின் பொன் தொப்பி மட்டும் மின்னியது. மாமாவின் சாவி என் கையில் இருக்கிறதென்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

மேற்றிராணியார் கைகளை விரித்தார். வாய் அசைந்தது. வாய் மூடியது. நான் அசைத்தேன்.

கொஞ்சம் பலமாகவே அசைத்துவிட்டேன் போலிருக்கிறது.

தொம்மையின் கைக்கு அது கோயிலா கடலா என்று தெரியவில்லை. கயிறு அசைந்தது, கை இழுத்தது. ஆளை மேலே கொண்டுவருகிற இழுப்பு. திருநாளுக்கென்று மாடிப் பலகைக்கு எண்ணெய் பூசியிருந்தார்கள். குந்தினபடியே நான் கிளம்பினேன். மல்லாக்க விழுந்து, ஆட்களின் கால்களுக்கு நடுவே, அத்தனை பேரும் குனிந்து பார்க்க, ஒரு சுறாக்குட்டி வருகிற மாதிரி வந்தேன். வருகிறபோது, "யம்மாஆஆ" என்று ஒரு நீள அலறல். பாட்டு மாடியில் கேட்ட முதல் பெண்குரல் அதுதான்.

அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆட்களுக்கு மாமா வாயாலே சுருதி கொடுத்துப் பழக்கியிருந்தார். மாடியில் முதலில் எந்தச் சத்தம் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்வார்கள். பாதிப் பேர் என் அலறலைப் பிடித்துக்கொண்டார்கள். அது எட்டாத உயரம். மீதிப் பேர் ஆர்மோனியத்தைப் பிடித்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை, ஏனென்றால் நான் வந்து நின்ற இடம் ஆர்மோனியத்துக்கு அடியில், மாமாவின் இரண்டு காலுக்கும் மிதிக்கட்டைக்கும் நடுவில். மிதிக்க இடமில்லாமல் ஆர்மோனியம் ஒருமுறை முனகி அடங்கியது. மேலே பாதிக் குரல் கீச்சிட, பாதிக் குரல் இறங்க, பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் நின்றுவிட்டன. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாமாவின் முகம் பாயைவிட வெளுத்திருந்தது. கை ஒன்று தானாகச் சாவியைத் தொட்டுப் பார்த்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து. தெளிவாக, பதற்றமே இல்லாமல், சரியான சுருதியில், சரியான அடியில். அம்மியடியிலிருந்து தொம்மையைத் திருத்துமே, அந்தக் குரல். எனக்கே தெரிந்தது என்றால் அந்த ஆட்களுக்குத் தெரியாதா? முதலில் சேர்ந்தவர் தொம்மைதான். கயிறு இன்னும் கையில் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டார். அடுத்த வரியில் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்ததும் கீழே அந்தக் குரல் நின்றுவிட்டது. ஒரே ஒரு வரிதான். மாமா என்னைக் காலாலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு மிதிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அந்த ஆட்கள் பாடினதுபோல அதற்கு முன்னே பாடினதில்லை. குற்றம் செய்துவிட்ட பயத்தில் ஒருவரும் மூச்சே விடவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் பங்களா வாசலில் மேற்றிராணியார் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊர் முழுக்க வரிசையாக வந்து அவர் மோதிரத்தை உதட்டில் ஒற்றி முத்தி செய்தது. மாமா கூப்பிடுவதற்கு முன்னேயே போய், அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் அவர் பக்கத்தில். இடுப்பில் இன்னும் கயிறு. தொம்மை போட்ட முடிச்சைத் தொம்மையாலேயே அவிழ்க்க முடியவில்லை.

சாமியார் படியில் நின்று பெண்கள் வரிசையைப் பார்த்தார். "பூசையில் பாடின பெண் யார்? அது ஒழுங்குக்கு விரோதம் என்று தெரியாதா?"

மாமி முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, கருவாடு விற்கிற மரியம்மை முன்னே வந்தாள். தெருத்தெருவாகக் கூவிக் கூவித் தகரம்போல ஆன தொண்டை அவளுக்கு.

"நாந்தான் சாமி பாடுனேன். என்னமோ கைதவறி வந்துட்டு."

"நீயா?"

"நம்பிக்கை இல்லன்னா இப்ப ஒருக்கப் பாடட்டா?" என்று மூச்சை இழுத்தாள்.

"வேண்டாம் வேண்டாம்" என்று சாமியார் இரண்டு கையையும் தூக்கினார். வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. பின்னாலிருந்து ஒருத்தி, "மோட்சத்துச் சம்மனசாயிருக்கும் சாமி, திருநாளும் அதுவுமா வந்திருப்பாவ" என்றாள். மேற்றிராணியாருக்கும் தொப்பி அசைந்தது. அவர் மாமாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"முதல்லே ஒரு சத்தம் கேட்டதே, அது யார்?"

மாமா என்னை முன்னே தள்ளினார். "இதுதான் ஆண்டவரே."

மேற்றிராணியார் என்னைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கயிற்றின் மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்ற தொம்மையைப் பார்த்தார். "ஏன் இழுத்தாய்?" என்று கேட்டார்.

"கயிறு அசைஞ்சா இழுக்கணும் ஆண்டவரே. என்ன ஏதுன்னு கேட்டுக்கிட்டு நின்னா கீழ கெடக்கவனுக்கு மூச்சு போயிரும்லா" என்றார் தொம்மை. தம்மேல் தவறு இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

"பாடினது எல்லாரும் சங்கு குளிக்கிறவங்களா?"

"ஆமா ஆண்டவரே" என்றார் மாமா.

"அதுதான். நான் பல ஊரில் பூசை வைத்திருக்கிறேன். நடுவில் மூச்சு வாங்காமல் பாடி இன்றைக்குத்தான் கேட்டேன்." மேசைமேல் கிடந்த சாவியை எடுத்தார். "இது யாருடையது?" என்று சாமியாரைக் கேட்டார். சாமியார் சாவியையும் மாமாவையும் பார்த்தார். நல்ல மனிதர்தான். பிறகு, "வாத்தியாருடையது ஆண்டவரே" என்றார். மாமா இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு, கண் பார்வை மங்குகிறவரையில், அந்தச் சாவியை அவரிடம் யாரும் கேட்கவில்லை. சுற்று ஊர்களிலெல்லாம் போய்ப் பாட்டுக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கடற்கரைக்குத்தான் போவார். சாமியாரே பிற்பாடு மாமாவோடு சங்குத் தோணிக் கரையில் நின்று, "கடைசியாக வந்தவர் யார்?" என்று கேட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு வரிசை நகர்ந்தது. மேற்றிராணியார் ஒவ்வொருவருக்கும், "நல்லாயிரு மகளே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமி குனிந்து மோதிரத்தை முத்தி செய்தபோது மட்டும் இரண்டு முறை சொன்னார். வயதானவர், சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தாள். கிழிந்த பாவாடைக்காக எனக்கு ஒரு குட்டு. மாமி எப்போதும்போல மீனோடு உட்கார்ந்தாள். மாமா அடுக்களையைப் பார்ப்பதும் திரும்புவதுமாக முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். மாமாவுக்குக் கோபம் என்றுதான் எனக்குப் பட்டது.

அடுத்த ஒத்திகை நாளில் ஆட்கள் வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் கைப்பெட்டி இல்லை. மாமா அதைத் தூக்கிக்கொண்டுபோய் அடுக்களை வாசலில் வைத்திருந்தார். தாம் உட்காருகிற முக்காலியையும் உள்பக்கம் பார்த்துப் போட்டிருந்தார். ஆட்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தொம்மை மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். உள்ளே மாமி அம்மியில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆர்மோனியத்தைப்பற்றி எனக்கும் நாலு காரியம் தெரியும் அல்லவா?

"மாமா, அடுப்புப் புகை ஆர்மோனியத்துக்கு ஆகாதுன்னு நீங்கதான சொல்லுவிய? இங்கன வச்சா கெட்டுப் போயிராதா?" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுக்களைக்குள் பார்த்தபடியே சுருதிக் கட்டையை அழுத்தினார்.

"ஆகும்ளா" என்றார். "இந்தப் புகை ஆகும்."